பிசியோதெரபிக்கு இன்சூரன்ஸ் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் அறுவை முடிந்து வாக்கரைப் பிடித்தபடி எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்குள் வருபவர் முதலில் கேட்பது, "எப்போது பழையபடி நடப்பேன்?" என்பதுதான். இரண்டாவது கேள்வியை, பெரும்பாலும் கூட வந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இதற்கு இன்சூரன்ஸ் வருமா?" முதல் கேள்விக்கு, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரளவு பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்குப் பாலிசியைப் பார்க்காமல் வாய் திறக்க முடியாது. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் மாறும். ஆனால் எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதனால் பணம் நின்றுபோகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பில் போட்டும் கடிதம் எழுதியும் திட்டு வாங்கியும் நான் கற்றுக்கொண்டதைக் கேள்வி பதிலாகக் கீழே தந்திருக்கிறேன்.

என் பாலிசியில் பிசியோதெரபி இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

"பிசியோதெரபி" என்ற சொல்லை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இயன்முறை சிகிச்சை, மறுவாழ்வு சிகிச்சை, துணை மருத்துவ சேவைகள் என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தரப்படும் சிகிச்சை ஒன்று. வீடு திரும்பியபின் குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுப்பது இன்னொன்று. வெளிநோயாளியாக வந்து போவது மூன்றாவது. முதல் வகைக்குப் பணம் தரும் பாலிசிகள் நிறைய. இரண்டாவதில் நாள் கணக்கு உண்டு. மூன்றாவதைப் பல பாலிசிகள் அடியோடு விட்டுவிடும், அல்லது கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் தரும். கழுத்து வலி, தோள் வலி என்று நடந்து வருபவர்கள் எல்லோரும் இந்த மூன்றாவது வகைதான் என்பதால், அதிக ஏமாற்றமும் இங்கேதான்.

அப்புறம் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் "உண்டு" என்று இருப்பது அங்கே சின்ன எழுத்தில் "இத்தனை முறை வரை", "இந்த நோய்களுக்கு மட்டும்" என்று சுருங்கியிருக்கும்.

தொலைபேசியில் "கவர் ஆகும்" என்று சொன்னார்களே, போதாதா?

போதாது. "கவர் ஆகும்" என்றால், பாலிசியில் அந்தச் சிகிச்சைக்கு இடமிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உங்கள் பில்லுக்குப் பணம் தருவோம் என்ற வாக்கு அதில் இல்லை. பேசியவர் பெயர், தேதி, நேரம், அழைப்பு எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கேட்க வேண்டியவை இவை: ஆண்டுக்கு எத்தனை செஷன், அந்த எண்ணிக்கையில் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையும் சேர்த்தியா, மருத்துவர் சீட்டு வேண்டுமா, முன் அனுமதி வேண்டுமா, எந்த கிளினிக்கும் ஏற்புதானா. இரண்டாவது கேள்வி முக்கியம். பக்கவாதம் வந்தவருக்கு மூன்று சிகிச்சையும் சேர்ந்து நடக்கும். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை என்றால் 30 செஷன் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் நேரே பிசியோதெரபிஸ்டிடம் வரலாமா?

பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1976 முதல், நெதர்லாந்தில் 2006 முதல் நேரே போகலாம். சில இடங்களில் இன்னும் முடியாது. ஆனால் சட்டம் அனுமதிப்பது ஒன்று, காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது வேறொன்று. நேரே வந்து, நன்றாகக் குணமாகி, பில்லை அனுப்பியபின் "சீட்டு எங்கே?" என்று கேட்கப்பட்டவர்கள் உண்டு. சிகிச்சை தொடங்கிய பிறகு தேதியிட்ட சீட்டு பெரும்பாலும் எடுபடாது. ஆகவே சந்தேகம் இருந்தால் சீட்டோடு வாருங்கள்.

சீட்டில் "பிசியோதெரபி 10 நாள்" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொண்டுபோய், நோய் என்ன, எந்தப் பக்கம், எதற்காக, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள். வலது இடது மாறிப் போவதால் நிற்கும் கிளெய்ம்கள் சிரிப்பை வரவழைக்கும் அளவுக்கு அதிகம். சீட்டில் வலது தோள், ஸ்கேனில் இடது தோள், எங்கள் குறிப்பில் வெறும் "தோள்". எந்த அதிகாரியும் இதைக் கடந்து பணம் தரமாட்டார்.

"மருத்துவத் தேவை இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வலிக்கிறதே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நின்று பேசலாம்.

வலிக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வலியை மட்டும் வைத்துக் காப்பீட்டு அதிகாரியால் ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. அவர் உங்களைப் பார்த்ததே இல்லை. அவர் முன்னால் இருப்பது காகிதம். அந்தக் காகிதத்தில் அவர் தேடுவது மூன்று: இவரால் எதைச் செய்ய முடியவில்லை, அதைச் சரிசெய்யப் பயிற்சி பெற்ற ஆள்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு காலம்?

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட செயல்பாட்டு வகைப்பாட்டின் அடிப்படையும் இதுவேதான். உடலில் உள்ள கோளாறு ஒரு அடுக்கு. அதனால் செய்ய முடியாமல் போன செயல் அடுத்த அடுக்கு. அதனால் விட்டுப்போன வாழ்க்கைப் பங்கு மூன்றாவது. "தோளில் இறுக்கம்" முதல் அடுக்கு. "கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாததால் தலை சீவ முடியவில்லை" இரண்டாவது. "அதனால் வேலைக்குப் போக முடியவில்லை" மூன்றாவது. முதல் அடுக்கோடு நின்றுவிடும் குறிப்புகள்தான் அதிகம் தோற்கின்றன.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், முழங்கால் மாற்று அறுவை செய்த ஒருவருக்குப் பத்து நாளும் "வலி குறைவு, பயிற்சி தொடர்க" என்று ஒரே வரியை எழுதிவைத்தேன். வாக்கரோடு வந்தவர் பத்தாம் நாள் படியேறினார். நிறுவனம் முதல் நான்கு செஷனுக்குப் பணம் தந்து, மிச்சத்தை நிறுத்திவிட்டது. காரணம்: முன்னேற்றத்துக்கு ஆதாரம் இல்லை. கோபமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் சொன்னது சரி. அளவுகள் எல்லாம் என் தலைக்குள் இருந்தன, காகிதத்தில் இல்லை. பின்தேதியிட்டு எழுத மனம் வரவில்லை. பாதிக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தேன், மீதியை அவர் கையிலிருந்து கட்டினார்.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் அளக்கிறீர்களா?

பணத்துக்காக மட்டும் இல்லை, சிகிச்சை சரியான திசையில் போகிறதா என்று எங்களுக்கும் தெரிய வேண்டுமே. ஆனால் ஆமாம், பணத்துக்கும் அதுதான் ஆதாரம்.

கோணமானி வைத்து முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கிறோம். சமதளத்தில் நடக்க 60 முதல் 70 டிகிரி வேண்டும். படி இறங்க ஏறத்தாழ 90, தாழ்வான இருக்கையிலிருந்து எழ 100-க்கு மேல். ஆக "இன்று 75 டிகிரி, படி இறங்க இன்னும் 15 தேவை" என்று எழுதினால், எதற்காகச் சிகிச்சை தொடர்கிறது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். தசை வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. புவியீர்ப்பை எதிர்த்துக் கையையோ காலையோ தூக்க முடிந்தால் 3.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்கிறோமே, அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை. நடை வேகமும் அப்படித்தான். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டும் நடமாட்டம், 0.8-ஐத் தாண்டினால் வெளியே தாராளமாகப் போய்வரலாம் என்று பக்கவாத நோயாளிகளைப் பார்த்து வகுத்திருக்கிறார்கள்.

வலியையும் விட்டுவிடுவதில்லை. 0 முதல் 10 வரை எண் கேட்கிறோம். 2 புள்ளி இறங்கினால்தான் உண்மையான மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 7 இருந்தது ஆறரை ஆனது என்றால் மகிழ்ச்சி, ஆனால் அதிகாரியிடம் அது செல்லாது.

இதில் நோயாளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று மரியாதைக்குச் சொல்லாதீர்கள். நாங்கள் அதை அப்படியே எழுதிவிட்டால், "குணமாகிவிட்டார்" என்று படிக்க ஆள் இருக்கிறது.

கரண்ட் வைப்பதற்கும் பணம் வருமா?

மெஷின் வைக்காத பிசியோதெரபி பிசியோதெரபியே இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயிற்சி மட்டும் கொடுத்தால் "ஒண்ணுமே செய்யலையே" என்பார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் பார்வையோ நேர் எதிர். படுத்துக்கொண்டு மெஷினிடம் உடலை ஒப்படைக்கும் சிகிச்சை மட்டும் வாரக்கணக்கில் நடந்தால் கேள்வி வரும்.

அவர்கள் பக்கத்தில் நியாயமும் இருக்கிறது. கீழ்முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, டென்ஸ், ஐஎஃப்டி என்ற மின்சிகிச்சைகள், டிராக்‌ஷன் (இழுவைச் சிகிச்சை) எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உடற்பயிற்சியை அது முன்னிறுத்துகிறது. மெஷின்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவரவில்லை. வேலைசெய்யாத தசையை மின்தூண்டலால் எழுப்புவது, அறுவைக்குப்பின் தொடைத் தசைக்கு உதவுவது எல்லாம் பயன் உள்ளவை. ஆனால் பில்லில் நான்கு மெஷினும் பயிற்சிக்கு ஒரு வரியும் இருந்தால், நானே அந்த அதிகாரியாக இருந்தாலும் யோசிப்பேன்.

எத்தனை செஷன் ஆகும்? மொத்தமாகச் சொல்லிவிடுங்களேன்.

முதல் நாளிலேயே துல்லியமாகச் சொல்பவரை நம்பாதீர்கள். உத்தேசமாகச் சொல்லலாம். முழங்கால் மாற்று அறுவைக்குப்பின் 6 முதல் 12 வாரம் ஒழுங்காக வர வேண்டியிருக்கும். முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரை (ஏசிஎல்) அறுவையில் சரிசெய்தபின் விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம். தோள் உறைந்துபோனால் அதன் போக்கே ஓரிரு வருடம். பக்கவாதத்தில் வேகமான மீட்சி முதல் 3 மாதங்களில். அதற்குப் பிறகும் வரும், மெதுவாக.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உடல் மீளும் காலமும் பாலிசியின் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் எழுதப்பட்டவை. 9 மாதச் சிகிச்சையை 20 செஷனுக்குள் அடக்கச் சொன்னால், முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் செலவழிப்பதா, பரப்பிவைப்பதா என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேச வேண்டும். இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

முன் அனுமதி வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

பாதிக் கவலை போகும். அனுமதிக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கும்: எத்தனை செஷன், எந்தத் தேதிக்குள், எந்தச் சிகிச்சை. மக்கள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், தேதியை விட்டுவிடுவார்கள். 12 செஷனுக்கு அனுமதி வாங்கி, நடுவில் காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று இரண்டு வாரம் வராமல், கடைசி மூன்று செஷன் தேதி தாண்டிப் போவது எங்களிடம் அடிக்கடி நடக்கிறது. வர முடியாது என்று தெரிந்ததும் சொல்லுங்கள், நீட்டிப்புக் கேட்கலாம். தேதி முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கோ-பே, டிடக்டிபிள் என்கிறார்களே, அதில் என்ன வித்தியாசம்?

டிடக்டிபிள் என்பது, நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. கோ-பே என்பது ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கு. பில்லில் 20 சதவீதம் என்றால் மிச்சம் 80 அவர்களுடையது. பிசியோதெரபியில் கோ-பே கடிக்கும், ஏனென்றால் ஒரு தடவை கட்டுவதோடு முடியாது, வாரத்துக்கு மூன்று தடவை. இதைக் கணக்குப் போடாமல் ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து செய்தால்? வீடியோவில் செய்தால்?

வீட்டுக்கு வருவதற்குப் பணம் தரும் பாலிசிகள், நோயாளியால் வெளியே வர முடியாது என்று மருத்துவர் எழுதித் தரச் சொல்லும். போக்குவரத்து நெரிசல் காரணமாகாது. வீடியோ செஷனைக் கொரோனா காலத்துக்குப் பின் பல நிறுவனங்கள் ஏற்கின்றன; முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விபத்தில் அடிபட்டேன். எந்த இன்சூரன்ஸ்?

வாகன விபத்து என்றால் வாகனக் காப்பீடு, வேலையிடத்தில் என்றால் தொழிலாளர் இழப்பீடு முதலில் வரும் இடங்கள் பல உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்பினால் "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பிவிடுவார்கள், அதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும். காயம் எப்படி, எங்கே பட்டது என்று முதல் நாள் கேட்பது வம்புக்கு இல்லை. மறைக்காமல் சொல்லுங்கள்.

தேதியைக் கொஞ்சம் மாற்றி பில் போட்டுத் தர முடியுமா?

முடியாது. வராத நாளுக்கு வந்ததாகவும், கழுத்துக்குச் செய்ததை முதுகுக்கு என்றும் எழுத முடியாது. மாட்டினால் எங்கள் பதிவு போகும், உங்கள் பாலிசி போகும். கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, பணமில்லாமல்தான் கேட்கிறார்கள். பணம் பிரச்சினை என்றால் அதை நேராகவே பேசலாம்.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. பலர் முதல் கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள் என்பதே நிறுவனங்களுக்கு ஒரு வசதி.

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். குறியீட்டு எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் விளக்கம் கேளுங்கள். காரணம் எழுத்தர் வேலையா மருத்துவமா என்று பிரித்துப் பாருங்கள். பெயரில் எழுத்துப்பிழை, நோய்க் குறியீடு பொருந்தவில்லை, சிகிச்சையாளரின் பதிவு எண் இல்லை, கையொப்பம் விட்டுப்போனது எல்லாம் எழுத்தர் வேலை. திருத்தி மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் தீரும், இதற்கு மேல்முறையீடே தேவையில்லை.

மருத்துவக் காரணம் என்றால் மேல்முறையீடு. கெடு தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்தால் ஒரு கடிதம் தருவோம்: வந்தபோது இருந்த அளவு, இப்போது உள்ள அளவு, இன்னும் எட்ட வேண்டியது, சிகிச்சையை நிறுத்தினால் என்ன ஆகும். கடைசி வரிக்குத்தான் வலு அதிகம். விழுந்து இடுப்பு உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மீதி எட்டு செஷன் ஒன்றுமே இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லலாம். அறுவை செய்த மருத்துவரிடமும் ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள். நிராகரித்தவர் எந்தத் துறை மருத்துவர் என்று கேளுங்கள். அதே துறையைச் சேர்ந்தவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கோருவதில் தவறில்லை. உள்ளே முடியவில்லை என்றால் வெளியே குறைதீர்ப்பாளரோ கண்காணிப்பு அமைப்போ பல நாடுகளில் உண்டு.

கடிதத்தில் கோபம் வேண்டாம். வீட்டில் ஒரு தடவை கோபமாக எழுதிக் கிழித்துப்போட்டுவிட்டு, அப்புறம் நல்லதை எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

"முன்னேற்றம் நின்றுவிட்டது" என்று சொல்லி நிறுத்துகிறார்கள். பார்கின்சன் உள்ளவர் முன்னேற முடியுமா?

நியாயமான கேள்வி. படிப்படியாக மோசமாகும் நோயில், இருக்கும் நிலையைக் காப்பாற்றுவதே வெற்றி. இதை வைத்து அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. ஜிம்மோ வழக்கு என்பார்கள். 2013-இல் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி, அங்குள்ள அரசுக் காப்பீடான மெடிகேரில் "இவர் முன்னேறுவாரா" என்பது அளவுகோல் ஆகாது. பயிற்சி பெற்றவரின் திறமை இந்தச் சிகிச்சைக்குத் தேவையா என்பதே அளவுகோல். சரிவைத் தடுப்பதற்கும் பணம் உண்டு.

எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது, தனியார் பாலிசிகள் பலவற்றில் "பராமரிப்புச் சிகிச்சைக்குப் பணம் இல்லை" என்ற வரி இன்னும் இருக்கிறது. ஆனாலும் வாதம் பயன்படும். "முன்னேற்றத்துக்காக" என்று எழுதிவிட்டு முன்னேற்றம் காட்ட முடியாமல் நிற்பதைவிட, "6 மாதத்தில் இரண்டு முறை விழுந்தவர், சிகிச்சை தொடங்கியபின் விழவில்லை" என்று உள்ளதை எழுதலாம். உலகில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது சுமார் 241 கோடிப் பேருக்கு, மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலை இருக்கிறது என்பது 2019-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த மதிப்பீடு. அவர்களில் நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் ஏராளம்.

செஷன் எல்லாம் தீர்ந்துவிட்டது, கையிலும் காசில்லை. என்ன செய்வது?

நடுவில் மறைந்துவிடாதீர்கள், சொல்லுங்கள். வாரம் மூன்று முறை வருவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கலாம். வீட்டில் செய்யும் பயிற்சியை ஐந்துக்கு மேல் போகாமல் எழுதித் தருவோம்; பத்து பயிற்சி கொடுத்தால் யாரும் செய்வதில்லை என்பது அனுபவம். நீங்கள் சரியாகச் செய்வதை உங்கள் கைபேசியில் நாங்களே படம் எடுத்துத் தருகிறோம், வீட்டில் பார்த்துச் செய்யலாம். உங்களோடு இருப்பவர் ஒருவரை ஒருமுறை அழைத்து வாருங்கள், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கிறோம். அரசு மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி கல்லூரிகளின் வெளிநோயாளிப் பிரிவிலும் செலவு குறைவாக இருக்கும். அங்கே போவதென்றால் இதுவரை எடுத்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் போங்கள். அடுத்த பாலிசி ஆண்டு தொடங்கும் தேதியையும் பார்த்து வையுங்கள். எண்ணிக்கை அன்று புதிதாகத் தொடங்கும் என்றால், இரண்டு செஷனை அதற்குப் பின் தள்ளிவைப்பதில் தவறே இல்லை.